வழிநூலின் வழு

வீடியோ கேமை விமர்சிக்க நன்னூலையா எடுத்து வருவது என்று நகைப்போர் நகைக்கட்டும். முதல்நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் ஏற்று, மரபு குலையாமல் நிற்பதே வழிநூல் என்கிறது அது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த ‘சூசைட் ஸ்குவாட்: கில் தி ஜஸ்டிஸ் லீக்’ விளையாட்டை நாம் இந்த உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்கிறோம்.

இதன் முதல்நூல்கள் எளியவை அல்ல. லண்டனின் ராக்ஸ்டெடி நிறுவனம் 2009இல் ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ படைத்தபோது, ஒரு தீவையும் ஓர் இரவையும் மட்டுமே களமாக எடுத்துக்கொண்டது. நாயகன் யாரையும் கொல்வதில்லை. இருளில், உயரத்துச் சிற்பங்களின் மேல் காத்திருந்து எதிரிகளை ஒருவர் ஒருவராக வீழ்த்துகிறான். எஞ்சியவர்களின் அச்சம் பெருகுவதை நாம் மேலிருந்து பார்க்கிறோம். பாத்திரத்தின் இயல்பே ஆட்டத்தின் முறையாகவும் அமைந்த அரிய சேர்க்கை அது. 2011இன் ‘ஆர்க்கம் சிட்டி’யும் அதைக் காத்தது. (2015இன் ‘ஆர்க்கம் நைட்’ டாங்கிச் சண்டைகளில் சற்றே இடறியது, பொறுத்துக்கொண்டோம்.)

வழிநூலிலோ பாத்திரங்கள் நால்வர், நால்வர் கையிலும் துப்பாக்கி. சுறாமனிதனுக்குமா துப்பாக்கி? ஊதா நிறத்தில் ஒளிரும் இலக்குகளைச் சுட வேண்டும். புதிய ஆயுதம் கிடைக்கும். மறுபடியும் சுட வேண்டும்.

பேட்மேனைக் கொன்றுவிட்டார்களே என்று பலர் கொதித்தார்கள். நம் வழக்கு அதுவன்று. காப்பிய நாயகனும் சாகலாம்; அச்சாவுக்குக் கதையில் கனம் வேண்டும். 1992 முதல் அப்பாத்திரத்துக்குக் குரல் தந்த கெவின் கான்ராய் 2022 நவம்பரில் காலமானார். அவர் குரலோடு வந்த பேட்மேனை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, ஹார்லி குவின் கையால் சுட்டு முடித்தார்கள். பின்னர் 2025 ஜனவரியில், இறுதித் தவணையில், செத்தது நகல்தான், அசல் உயிரோடிருக்கிறான் என்று சில ஓவியக் காட்சிகளில் சொல்லிக் கைகழுவினார்கள். அந்தச் சாவையும் பொய்யாக்கியாயிற்று.

வணிகப் பண்டத்தில் இலக்கியம் தேடலாமா என்பார் உளர். வணிகமாவது வென்றதா? இதனால் 2024இன் முதல் காலாண்டில் 20 கோடி டாலர் அளவுக்குப் பாதிப்பு என்று வார்னர் நிறுவனமே அறிவித்தது. பிரெய்னியாக் என்னும் எதிரியை 13 முறை வெல்ல வேண்டும் என்று கதையை இழுத்தது, பருவந்தோறும் ஆட வருவோரைப் பிடித்துவைக்கும் விற்பனைத் திட்டத்துக்காக அன்றி வேறெதற்கு? முடியவே கூடாது என்று தொடங்கிய கதைக்கு முடிபு எங்கிருந்து வரும்? இணைய இணைப்பின்றித் தனியே ஆடும் வசதியைக்கூட 2024 டிசம்பரில்தான் தந்தார்கள், ஆடியவர்களில் பெரும்பாலோர் கலைந்து போன பிறகு.