மூன்று மாதச் சர்க்கரையும் மறைந்திருக்கும் ரத்தசோகையும்

ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் 'ஹெச்பிஏ1சி' என்ற வரியைத்தான் இன்று பலரும் தேடுகிறார்கள். 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் மருத்துவன் அல்லன். ஆயினும், எந்த எண்ணைக் கண்டாலும் அது எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று கேட்பது பொருளாதாரம் கற்பித்தவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

இங்கு அனுமானம் எளியது. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. அதுவரை சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பங்கை அளந்தால் கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி கிடைக்கும். அணு முன்னதாகவே மடிந்துவிட்டால்? அரிவாள் செல் நோயில் அதன் ஆயுள் 10 முதல் 20 நாள்களே. சர்க்கரை ஒட்டுவதற்கு அவகாசம் இல்லாததால், எண் பொய்யாகக் குறைகிறது. நோயின்றி மரபணுவை மட்டும் சுமப்பவர்களும் விலக்கல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தச் சர்க்கரை ஒரே அளவில் இருந்தபோதும், அவர்களுக்கு ஏறத்தாழ 0.3 புள்ளி குறைவாகவே வந்தது. எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அந்த 0.3 சிறிய தொகை அன்று. இரும்புச்சத்துக் குறைவிலோ நேர்மாறாக எண் உயரக்கூடும்.

தமிழகத்துக்கு இது அயலான செய்தி அல்ல. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபணு 1952-லேயே கண்டறியப்பட்டது. அதை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. நீரிழிவைத் தேடி வீடு வீடாகச் செல்லும் திட்டம் வேறு. ஒருவரைப் பற்றிய இரண்டு தகவல்கள் இரண்டு பதிவேடுகளில் கிடந்தால், அரசு இருமுறை செலவழித்தும் மருத்துவருக்குப் பாதி உண்மைதான் எட்டும்.

தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களின் நிலையும் கவலைக்குரியது. ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு, அணுக்கள் சிறியவை. உடனே இரும்புச்சத்து மாத்திரை. ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் உண்டு. ஏ2 வகை ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்திருந்தால் பெரும்பாலும் விடை கிடைத்திருக்கும். கணவனும் மனைவியும் இதைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதையும் மறக்கலாகாது.

மாற்று வழி விலை உயர்ந்ததும் அல்ல. இத்தகைய குடும்பத்தினருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையே நம்பலாம். 126 மில்லிகிராம் என்ற எல்லை அணுக்களின் ஆயுளைச் சார்ந்ததன்று. மேலும், ஹெச்பிஏ1சி அளக்கும் ஹெச்பிஎல்சி கருவிகள் பலவற்றில் மாறுபட்ட ஹீமோகுளோபின் தனி முகடாகவே தெரிகிறது. அதை அறிக்கையில் ஒரு வரியாக எழுதப் பரிசோதனைக் கூடங்களைக் கட்டாயப்படுத்துவதற்கு, அரசுக்குத் தேவை ஓர் ஆணை மட்டுமே.