நாட்டாமையின் காலும் வெண்குழியமும்

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரின் முதுகைத்தான் நாம் பார்க்கிறோம், கால்களைப் பார்ப்பதில்லை. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவருக்கு ஆணி கீறியதுகூடத் தெரியாது. விரல் கறுத்த பின்னரே ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பெரும்பாலும் அங்கே கத்திதான் காத்திருக்கிறது.

அந்தப் புண் ஏன் ஆறுவதில்லை? இரத்த ஓட்டக் குறைவு ஒரு காரணம். இன்னொன்று வெண்குழியங்களின் தடுமாற்றம். காயத்துக்கு ஓடிவரும் மக்ரோபேஜ் என்ற கலம் முதலில் கிருமிகளையும் இறந்த கலங்களையும் விழுங்குகிறது. பின்னர் தன் குணத்தை மாற்றிக்கொண்டு புதிய இழையம் வளரத் தூண்டுகிறது. நீரிழிவுப் புண்ணில் அது முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது.

அப்படியானால் செயலூக்கமுள்ள கலங்களை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? 1990களில் இஸ்ரேலிய வைத்தியர்கள், தானமாகக் கிடைத்த இரத்தத்திலிருந்து மக்ரோபேஜ்களைத் தயாரித்து முதியோரின் ஆறாப் புண்களில் செலுத்தி நற்பலன் கண்டனர். எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் ஈரல் சிதைந்த நோயாளரின் சொந்த இரத்தத்திலிருந்தே இக்கலங்களை வளர்த்து, அவர்களுக்கே திரும்ப ஏற்றினர். 2019இல் வெளியான முதற்கட்ட ஆய்வில் 9 பேரிடம் அது பாதுகாப்பானதெனத் தெரிந்தது. அடுத்த கட்டத்தில் முதன்மை அளவுகோலில் தெளிவான வெற்றி கிட்டவில்லை. ஆயினும் சிகிச்சை பெற்றோரிடம் கடும் சிக்கல்கள் குறைவாகவே காணப்பட்டன.

‘இதெல்லாம் பணக்கார நாடுகளின் சங்கதி, நமக்கெதற்கு?’ என்பார் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இச்சிகிச்சையின் மூலப்பொருள் இரத்தம். 2014இல் இலங்கை, கூலி பெறாத தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே முழு இரத்தத் தேவையையும் நிறைவுசெய்யும் நிலையை எட்டியது. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கம் உலக நாடுகள் பலவற்றுக்கும் விழிவெண்படலம் அனுப்பியது. கொடுக்கும் மனம் இங்கே தாராளமாக உண்டு. ஆய்வுகூடத்துக்கும் பயிற்சிக்கும் செலவிட அரசு துணியவேண்டும்.

ஆனால், அந்தச் சிகிச்சை வரும்வரை நாட்டாமையின் கால் பொறுத்திராது. வரும்போதும், புண்ணை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டவருக்குத்தான் அது நன்கு உதவும். ஒரு சோடி நல்ல சப்பாத்தும், மாதமொருமுறை சந்தைக்கே வந்து பாதங்களைப் பரிசோதிக்கும் தாதியும் பெருஞ்செலவல்ல. கொழும்பு மாநகர சபை இதை நாளைக்கே தொடங்கலாம்.