இதயத் தசைக்கு ரத்தம் போகிறதா?

"மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, மார்பை அழுத்துகிறது" என்று ஒரு பெண் சொன்னால், "அட, வாயுதான்! பெருங்காயத் தண்ணி குடி" என்பதுதான் வீட்டில் வரும் முதல் பதில். நம் நீலகிரியிலோ கடைக்குப் போனாலும் மேடு, கோயிலுக்குப் போனாலும் மேடு. மூச்சு வாங்குவதை யாரும் பெரிசாக நினைப்பதில்லை. பெண்களுக்கு இதயக் கோளாறு களைப்பு, தாடை வலி, முதுகு வலி என்றுகூடத் தலைகாட்டலாம், சகோதரிகளே!

ஈ.ஸி.ஜி. சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், டாக்டர் சிலருக்குத் 'தாலியம் ஸ்கேன்' எழுதித் தருவார். பெயர்தான் தாலியம், இப்போது பெரும்பாலும் டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தோடு போய் இதயத் தசையில் தங்கும். ரத்தம் நன்றாகப் பாயும் இடம் காமிராவில் பளிச்சென்றும், பாயாத இடம் மங்கலாகவும் தெரியும்.

படம் இரண்டு தடவை எடுப்பார்கள்: ஓய்வில் ஒன்று, ட்ரெட்மில்லில் நடக்க வைத்தோ மருந்து கொடுத்தோ இன்னொன்று. ஏன் இரண்டு? தெருக் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் ஒரு வீட்டில் மட்டும் திறந்தால் தண்ணீர் வரும். எல்லா வீட்டிலும் திறந்தால்தானே மேட்டு வீட்டுக்கு வராது! உழைப்பில் மட்டும் மங்கினால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. 'பெட்' ஸ்கேனில், ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் என்று அளந்தே சொல்லிவிடலாம்.

போகுமுன் கவனிக்க வேண்டியவை:

* டீ, காப்பி, கோலா, நம் ஊட்டி சாக்லேட் எதுவும் 12 முதல் 24 மணி நேரம் ஆகாது. காஃபீன், சோதனை மருந்தை வேலை செய்ய விடாது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ குடித்துவிட்டுக் கோவைக்குப் போனதில், "இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டெக்னீஷியம் 6 மணிக்கு ஒரு தரம் பாதியாகக் குறையும். எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

* கர்ப்பமோ, நாள் தள்ளியிருந்தாலோ, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ முன்னாலேயே சொல்லுங்கள், ஆஸ்துமாவையும் மறைக்காதீர்கள்.

* மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் சாப்பாடு, ஊசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று மார்பு அழுத்தி வியர்த்துக் கொட்டினால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். பெருங்காயமும் தேட வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.