பரீட்சையும் உறக்கமும்

வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் மட்டக்களப்பு வாவியின் நிறம் மாறும். முகத்துவாரம் வெட்டப்படும் நாள் எதுவென்று மீன்பிடிப்போரும் வேளாண்மை செய்வோரும் பேசிக்கொள்வர். அதே நாட்களில், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சில வீடுகளில் மாத்திரம் நள்ளிரவு கடந்தும் விளக்கு அணையாதிருக்கும். அங்கே உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை ஒன்று இருக்கின்றது என்பதை ஊர் அறியும். அறிவதோடு நில்லாது மெச்சவும் செய்யும். "இரண்டு மணிவரை கண்விழித்துப் படிக்கின்றாள்" என்று தாய் சொல்லும்போது, அச்சொல்லில் கவலையைவிடப் பெருமையே மிகுந்திருக்கும். இந்தப் பெருமை தகுமா என்பதே எமது கேள்வி.

பெருமைக்குக் காரணம் இல்லாமலில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தினுள் நுழைவதற்கு எமது பிள்ளைகளுக்கு உள்ள வாசல் ஒன்றே. 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி என்னும் அளவுகோல் வந்தபின், தசமத்தின் நான்காம் இடத்தில் உள்ள ஓர் இலக்கம் ஒருவனை உள்ளே விடவும் வெளியே நிறுத்தவும் வல்லதாயிற்று. பெரும்பாலான துறைகளில் 100 இடங்களுள் 40 அகில இலங்கைத் திறமைக்கு உரியவை. 55 மாவட்டங்களுக்குப் பகிரப்படுபவை. எஞ்சிய 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கானவை. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிலையத்தின் மதிலை நாள்தோறும் பேருந்திலிருந்து பார்த்துச் செல்லும் மாணாக்கர் பலர். கண்ணுக்கு அருகே இருக்கும் வாசல், காலுக்கு எட்டாமற் போய்விடுமோ என்னும் அச்சமே அவர்களை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்கின்றது.

இனிப் பகற்பொழுதைப் பார்ப்போம். படுவான்கரைப் பிள்ளைக்குப் பகல் என்பது பாதி வழியிலேயே கழிந்துவிடும். மண்முனையில் 2014இல் பாலம் அமைந்ததனால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் தோணிக்கும் பாதைக்கும் காத்திருந்த துன்பம் பெரிதும் நீங்கியது உண்மையே. ஆயினும் மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே மக்களை ஏற்றிச் சென்றது நெடுங்காலமாகப் 'பாதை' என நாம் வழங்கும் அந்த மிதவையே. சனி, ஞாயிறு வந்தால் நகரத்து ரியூட்டரிக்கும் களுவாஞ்சிகுடி ரியூட்டரிக்கும் ஓட்டம். மாலை மங்க வீடு திரும்பினால், தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணி புரிகின்ற குடும்பமாயின், அடுப்பும் தம்பி தங்கையரும் அந்தப் பெண்பிள்ளைக்காகவே காத்திருப்பர். யானை வரும் எல்லைக் கிராமமாயின் தந்தை வயற்காவலுக்குப் போய்விடுவார். வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டிலுள்ளோர் திடுக்கிட்டு எழுவர். இத்தனைக்கும் பிறகு அவள் ஏட்டைத் திறக்கும்போது மணி ஒன்பதோ பத்தோ ஆகியிருக்கும். அவள் உறக்கத்தைக் குறைக்காமல் வேறு எதனைக் குறைப்பாள் என்று கேட்போரும் உளர்.

அந்தக் கேள்விக்கு விடை பரிசோதனைச் சாலையிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வந்துவிட்டது. 1924இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டலன்பாக் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். பொருளற்ற அசைகள் பத்தை இரண்டு மாணவர் மனனஞ் செய்தனர். சில நாட்களில் மனனஞ் செய்தவுடன் உறங்கினர். சில நாட்களில் விழித்திருந்து தம் அலுவல்களைக் கவனித்தனர். எட்டு மணி நேரங் கழித்துக் கேட்டபோது, உறங்கி எழுந்தவர்க்குப் பாதிக்கு மேற்பட்ட அசைகள் நினைவிருந்தன. விழித்திருந்தவர்க்கு மிஞ்சியது ஏறத்தாழ ஒன்றே. இருவரை மட்டும் கொண்டு செய்த சிறு சோதனைதான். ஆனால் பின்வந்த ஆராய்ச்சிகள் இதனைப் பொய்யாக்கவில்லை. பகலிற் கற்றதை மூளை உறக்கத்திலேதான் அடுக்கிச் சேமிக்கின்றது என்னும் கருத்தை மேலும் உறுதிப்படுத்தின. பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. எமது வீடுகளில் இதனைச் சொன்னால் சிரிப்பர். பத்து மணி வேண்டாம், ஏழாவது கொடுக்கின்றோமா?

ஆகவே நள்ளிரவில் கூட்டிய இரண்டு மணி நேரம் வரவன்று. முன்னிருந்த முதலையும் அரிக்கின்ற செலவு. வசதி படைத்தவன் வீணடித்தாலும் அவனுக்கு மீட்டெடுக்க நேரம் உண்டு. படுவான்கரைப் பிள்ளைக்கு அஃதில்லை. நேரம் குறைந்தவளுக்கே உறக்கம் அதிகம் அவசியம் என்று நாம் சொல்வதன் நியாயம் இதுதான்.

படிக்கும் முறையிலும் எமது வழக்கம் பிழையானது. ஒரே குறிப்பை ஐந்து முறை வாசிப்பதும், வாசிக்கும்போது எல்லாம் விளங்கிற்று என்று மயங்குவதும் பெரும்பாலோர் செய்வன. 2006இல் றோடிகர், கார்பிக் என்னும் உளவியலாளர் இருவர், மீண்டும் மீண்டும் வாசித்தோரையும், வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரையும் ஒப்புநோக்கினர். ஐந்து நிமிடத்தின் பின் வாசித்தோர் வென்றனர். ஒரு வாரத்தின் பின் எழுதிப் பார்த்தோர் வென்றனர். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதன்று என்பதை நினைவிற் கொள்க. பழைய வினாத்தாளை எடுத்து, மணிக்கூட்டை எதிரே வைத்து, வெளிச்சமுள்ள மாலையில் ஒரு மணி நேரம் எழுதிப் பார்ப்பவன், இரவு மூன்று மணி நேரம் தூங்கிவிழுந்து வாசிப்பவனைவிட முன்னே செல்வான்.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், மயில்வாகனனாராய் இருந்த காலத்தில் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறியதை எம் ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். நல்ல எடுத்துக்காட்டே. ஆனால் இரண்டுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் உள்ளன என்பதையும், யாழ் நூல் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியின் பயனாக 1947இல் வெளிவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார் குறைவு. கல்லடிப் பாலத்தில் பௌர்ணமி இரவு பாடும் மீனைக் கேட்க விழித்திருப்பது வேறு சங்கதி. அதற்குப் புள்ளி இல்லை.

மட்டக்களப்பாருக்கென்றே ஒரு துன்பம் அண்மை ஆண்டுகளில் சேர்ந்துகொண்டது. நெடுங்காலம் ஓகஸ்ட் மாதத்தில், வெயில் காலத்தில், நடந்துவந்த பரீட்சை, கொரோனாத் தொற்றினால் நாட்காட்டி குலைந்தபின் மாரிக்குள் வந்து விழுந்தது. 2024 நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சை இரண்டு நாளில் வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இலேதான் மீண்டும் தொடங்கிற்று. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தபோது மறுபடியும் நின்றது; எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளப்பட்டன. பிள்ளைகள் எழுதவேண்டிய பாடசாலைகளே வெள்ளத்தில் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடமாவதும் இங்கு வழமை. நாளை நடக்குமோ நடவாதோ என்று அறியாமல், ஒவ்வோர் இரவும் அதுவே கடைசி இரவு என எண்ணி விழித்திருப்பவரின் உடல் எத்தனை நாள் தாங்கும்? 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியைக் கண்ட ஒரு மாவட்டத்துக்கு நவம்பர் மாதம் இன்னதென்று எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கால அட்டவணை வகுக்கும் கொழும்பு அலுவலகம் கிழக்கின் வானத்தையும் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பது நன்று.

மாரியென்றால் நுளம்பும் வரும். ஆண்டின் முடிவிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் டெங்குக் காய்ச்சல் எமது பகுதியில் தலைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. அதனைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. எனவே படிக்கும் மேசையின் கீழ் இருளாகக் கிடக்கும் இடத்தையும், கூரைப் பீலியில் தேங்கிய நீரையும் தந்தை கவனிக்கட்டும். வெள்ளத்தின் பின் கிணற்றுநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே குடிக்கவேண்டும். காய்ச்சல் வந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு மேசைக்குத் திரும்பாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாவி தரும் மீனும், முருங்கையிலையும், எருமைத் தயிரும் உள்ள நாட்டில், விலை கொடுத்துப் 'புத்திக்கு நல்லது' என்னும் மாவை வாங்குவது வீண். மாலைக்குப் பின் கோப்பியும், தகரக் குவளையில் அடைத்து விற்கும் ஊக்கபானமும் கூடா. கந்தசஷ்டி நோன்பு பரீட்சைக்கு முந்திய வாரங்களில் வருவதுண்டு; தாய் தாராளமாக நோற்கட்டும். பிள்ளையைப் பட்டினி போடுமாறு மண்டூர் முருகன் கேட்டதாக யாம் அறியோம்.

ரியூட்டரி நடத்துவோரிடமும் ஒரு சொல். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து வகுப்பும் கருத்தரங்கும் நடத்தலாகாது என்று பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை விதிக்கின்றது. அத்தடை நள்ளிரவு முதல் நடைமுறைக்கு வருவது வழமை. எங்கள் மாணாக்கர் அந்நேரத்திலும் விழித்திருப்பர் என்று திணைக்களமும் அறிந்திருக்கின்றது போலும்! தடைக்கு முந்திய கடைசி இரவில் ஏழு மணி நேரம் ஒரே மண்டபத்தில் அடைத்துவைத்து 'எதிர்பார்க்கை வினாக்கள்' வழங்கும் கூத்தை நிறுத்தினாலே பாதிப் புண்ணியம்.

அச்சம் சிறிது இருப்பது இயல்பு. அது கவனத்தைக் கூர்மையாக்கும். பல நாள் தொடர்ந்து உறக்கம் பிடியாமை, உணவு வெறுத்தல், காரணமின்றி அழுகை, யாருடனும் பேசாமை ஆகியவை வேறு வகையின. அவற்றை மடி என்று ஏசுவதோ, கண்ணூறு என்று நாவூறு கழித்துவிட்டு அமைவதோ போதாது. மருத்துவரிடம் செல்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. பெயர் கேட்டு ஊரில் பரப்புவார் அங்கு எவரும் இல்லர். பெறுபேறு எப்படி வந்தாலும் இப்பரீட்சைக்கு மூன்று முறை தோற்ற வழியுண்டு என்பதை, பெறுபேறு வருவதற்கு முன்பே, தந்தை வாயால் பிள்ளை கேட்டிருத்தல் வேண்டும்.

பரீட்சைக்கு முதல் நாள் மாலை செய்ய வேண்டியது சிறிதே. அனுமதி அட்டை, அடையாள அட்டை, பேனைகள் ஆகியவற்றை மழை நனைக்காத பையிலிட்டுக் கட்டிவைக்க வேண்டும். பாதை எத்தனை மணிக்குப் புறப்படும், வெள்ளமாயின் எந்த வழி திறந்திருக்கும் என்று விசாரித்து வைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஏட்டை மூடி, நுளம்பு வலையை விரித்து, "படு மனே, காலையில் எழுப்புகிறேன்" என்று அம்மம்மா சொல்லட்டும். அந்த வீட்டில் அவள் சொன்னால் எல்லோரும் கேட்பர்.