லெவல் ஃபைவும் அறுந்த இழையும்

"சாஃப்ட்வேர்னா பக் இருக்கத்தான் செய்யும், அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்." பொட்டி தட்டுகிற சீனியர்கள் முதல் இன்னும் வேலை கிடைக்காத நம்ம வகுப்பு மக்கள் வரை எல்லாருக்கும் இது வேதவாக்கு. கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

எங்க காஞ்சிபுரத்து நெசவாளி ஒருத்தரிடம் போய், "இழை அறுந்தா போகட்டும், அடுத்த சேலைல பாத்துக்கலாம்"னு சொல்லிப் பாருங்கள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. ஒவ்வொரு வரிசையிலும் உடலும் கரையும் கோர்த்துக்கொள்ள வேண்டும். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிசை. நெய்து முடித்த சேலைக்கு பேட்ச் போட முடியாதே!

நம்ம துறையில் தரம் என்றால் சுவரில் மாட்டுகிற சான்றிதழ். சி.எம்.எம்.ஐ. லெவல் ஃபைவ் வாங்கிய இன்ஃபோசிஸ் உருவாக்கிய வருமான வரித் தளம் 2021 ஜூன் 7 அன்று திறந்தது. முதல் நாளிலிருந்தே புகார். ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளமே திறக்கவில்லை. நிதி அமைச்சகம் அதன் தலைமைச் செயல் அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்டது.

முத்திரை மட்டுமே தரத்தைக் காப்பாற்றும் என்றால், 2005-06ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததுமே போலிகள் ஒழிந்திருக்க வேண்டும். விசைத்தறிச் சேலைகள் இன்றும் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கின்றன.

வெளிநாட்டுக்காரன் மட்டும் ஒழுங்கா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய அப்டேட் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்தது 20. இல்லாத 21வதைப் படிக்கப்போய் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. நம்ம ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அர்ரே எல்லையைச் சரிபார்ப்பது நமக்கு முதல் வருஷப் பாடம் மக்களே! முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

"டெட்லைன் பாஸ்" என்பீர்கள். நெசவாளிக்கும் டெட்லைன் உண்டு, அதன் பெயர் முகூர்த்தம். கல்யாணப் பெண்ணிடம் 'பீட்டா' சேலை கொடுக்க முடியாது :-)

உண்மையான வித்தியாசம் வேறு. சேலையில் குறை இருந்தால் நெசவாளியின் கூலியில் பிடிப்பார்கள். மென்பொருளில் குறை இருந்தால் நஷ்டம் உபயோகிப்பவனுக்கு. எழுதியவன் பொறுப்பல்ல என்று, நாம் படிக்காமலே 'ஏற்கிறேன்' அமுக்குகிற ஒப்பந்தத்தில் போட்டிருக்கும். நெசவாளியின் கூலியை வெட்டுவது நியாயம் என்று நான் சொல்லவில்லை. தப்பு செய்தவனுக்கு வலியே இல்லாத தொழிலில் ஒழுங்கு தானாக வராது என்கிறேன்.

இந்த நோய் கல்லூரியிலேயே ஆரம்பிக்கிறது. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதை ஓட்டிக் காட்டினால் வைவாவில் பாஸ். வாத்தியார்களே, "அவுட்புட் காட்டு" என்று கேட்காதீர்கள். நீங்களே தப்பான இன்புட் ஒன்று கொடுங்கள். "எந்தெந்த டெஸ்ட் எழுதினே?" என்று கேளுங்கள். நாலு பேர் ஃபெயிலாகட்டும். பொறியாளர் என்ற பட்டத்துக்கு அப்போதுதான் மரியாதை.

ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம். டெஸ்ட் கேஸோடு வரவும்!