இலைக்குள் ஒரு கோடு

போன வாரம் புறக்கடை எலுமிச்சையின் கொழுந்தில் வெள்ளிக் கம்பி ஒட்டினாற்போல ஒரு கோடு. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏந் தம்பி, நத்தை கித்தை ஊர்ந்திருக்குதா?" என்றார்.

நத்தை இலை மேல் ஊரும். இது உள்ளே ஊர்ந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தேன். நூலாகத் தொடங்கிய கோடு வளைந்து வளைந்து போகப் போக அகலமாகிறது. புழு வளர வளர சுரங்கமும் பெருக்கிறது. நடுவே ஓடும் கருப்புக் கீற்று அதன் எச்சம். கோட்டின் முனையில் ஆள் இருந்தது, மஞ்சளாய், எள்ளளவு. மேல்தோலுக்கு அடியில் கிடந்து தின்று, கடைசியில் இலை ஓரத்தை மடித்துக் கூடு கட்டிக்கொள்ளும். வெளியே வரும் அந்துப்பூச்சி இறக்கை விரித்தால் அரை சென்டிமீட்டர் தேறாது. இரவில்தான் நடமாட்டம், நம் கண்ணில் எங்கே படப்போகிறது?

இது நம் நாட்டுக்காரர்தான். கல்கத்தாவில் கிடைத்ததை வைத்து 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் பெயர் சூட்டினார். 1993இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

எதிர்த்திசையில் வந்ததுதான் வில்லங்கம். தென் அமெரிக்கத் தக்காளி ஊசிப்புழு 2006இல் ஸ்பெயின், 2014இல் மகாராஷ்டிரா, பிறகு நம் பக்கம். கிணத்துக்கடவு, உடுமலை தக்காளிக்காரர்களைக் கேட்டால் தெரியும். இலையைச் சுரண்டியதோடு நிற்காது, காய்க்குள்ளும் புகும். ஊசி குத்தின மாதிரி ஒரு துளை இருந்தால் போதும், மண்டியில் அந்தக் காய் கழிசல்.

பெரு நாட்டிலிருந்து வந்த அந்தப் பூச்சிக்கு 1917இல் பெயர் வைத்தவர் எட்வர்ட் மெய்ரிக், இங்கிலாந்தில் பள்ளி வாத்தியாராக இருந்தவர். நம் கோவையில் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃபிளெட்சர் பிடித்தனுப்பிய பொடி அந்துகளுக்கும் அவர்தான் பெயர் வைத்தார். தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி ஃபிளெட்சர் எழுதிய புத்தகம் 1914இல் வந்தது. கொசுவைவிடச் சின்னதை ஊசியில் குத்தி, கப்பலேற்றி, சேதமில்லாமல் சேர்த்த பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

தக்காளிக்காரர்கள் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தே ஆக வேண்டும். வீட்டு எலுமிச்சைக்கு மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். முற்றின இலையை அது தொடாது.