இரண்டு கட்டடம்... நடுவில் ஒரு வேப்பமரம்!

ஐப்பசி மாதம். காலை ஏழு மணிக்கே திருப்பூரிலிருந்து போன்.

"தம்பி, நேத்து ராத்திரி இடி இடிச்சதுல ரெண்டு கட்டடத்துலயும் கம்ப்யூட்டர் லைன் போச்சுங். மத்தியானம் சரக்கு ஏறணும். பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியல."

பேசியவர் எனக்கு அண்ணன் முறை. சின்னதாக பனியன் கம்பெனி நடத்துகிறார். முன் கட்டடத்தில் ஆபீஸும் கட்டிங்கும். சுமார் 70 மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடத்தில் செக்கிங்கும் பேக்கிங்கும். இரண்டுக்கும் நடுவே அவருடைய சித்தப்பா மகனின் காலியிடம். அதில் பெரிய வேப்பமரம். பங்காளிகள் இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஆரம்பத்தில் ஒரு பையன் பென் டிரைவோடு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். பிறகு எலெக்ட்ரீஷியன் ஒருவர் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி சாதாரண லேன் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டார். இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. அந்த இரவில் மின்னல் கட்டடத்தின் மேல் விழவில்லை. பக்கத்தில் எங்கோதான் விழுந்தது. இருந்தும் இரண்டு ஸ்விட்ச், கேமரா ரெக்கார்டர், பேக்கிங் கம்ப்யூட்டர் எல்லாம் காலி. அன்று லிஸ்டைக் கையால் எழுதி, வண்டி கிளம்ப இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது.

கடையும் குடோனும், பள்ளியும் விடுதியும், ஆஸ்பத்திரியும் லேபும் என்று இரண்டு கட்டடம் வைத்திருப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது, "எது ஸ்பீடு? எது சீப்?" என்றுதான். நான் முதலில் கேட்பது, "நடுவில் என்ன இருக்கிறது?"

லேன் கேபிள் ஏன் கூடாது?

அதற்குள் இருப்பது செம்புக் கம்பி. 100 மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எர்த். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி எர்த். பக்கத்தில் மின்னல் இறங்கும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாட்டைச் சமன் செய்யக் கிடைக்கும் சுலபமான பாதை, நீங்கள் இழுத்த அந்தச் செம்புக் கம்பிதான். அதன் இரு முனையிலும் உள்ள மெஷின்கள் எரிந்துபோகும். ஒரே கட்டடத்துக்குள் லேன் கேபிள் தாராளமாக ஓடலாம். வாசல் தாண்டினால் வேண்டாம்.

இடம் உங்களுடையதா? ஃபைபர்!

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் போவது வெளிச்சம், மின்சாரம் பாயாது. சிங்கிள் மோட் ஃபைபர் பல கிலோமீட்டர் தாங்கும். இன்று நொடிக்கு ஒரு கிகாபிட் ஓட்டினால், நாளை இரு முனையிலும் உள்ள கருவியை மட்டும் மாற்றிப் பத்து கிகாபிட் ஆக்கலாம். குழியை மறுபடி தோண்ட வேண்டாம்.

வாங்கும்போது மூன்று விஷயங்கள். ஒன்று, உள்ளே இரும்பு இல்லாத கேபிளாகக் கேளுங்கள். சிலவற்றில் பாதுகாப்புக்காக இரும்புக் கவசமோ, தொங்கவிட இரும்புக் கம்பியோ இருக்கும். அதை முறையாக எர்த் செய்யாவிட்டால் மின்னல் அதன் வழியே வரும். இரண்டு, தேவை இரண்டு இழை என்றாலும் ஆறு இழை உள்ளதைப் போடுங்கள். செலவில் பெரும்பங்கு குழிக்கும் கூலிக்கும்தான். மூன்று, இரு முனைக் கருவிக்கும் யு.பி.எஸ். கொடுங்கள். ஒரு பக்கம் கரன்ட் போனாலும் இணைப்பு போய்விடும்.

நடுவில் பொதுச்சாலை இருந்தால், உள்ளாட்சி அனுமதி இல்லாமல் தோண்டவும் கூடாது, மேலே தொங்கவிடவும் கூடாது. தாழ்வாகத் தொங்கும் கேபிளை ஒரு நாள் ஏதாவது லாரி இழுத்துக்கொண்டு போகும்.

தோண்டவே முடியாதா? ஒயர்லெஸ்!

இரண்டு மாடியிலும் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு ஆன்டெனா. இதற்குப் பயன்படும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை 2018-ல் மத்திய அரசு லைசென்ஸிலிருந்து விடுவித்துவிட்டது. சக்தி வரம்புக்குள் இருந்தால் போதும்.

ஆனால், ஆன்டெனாவிலிருந்து ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் போலப் போவதில்லை. நடுவில் பருத்துப் போகும். 300 மீட்டர் தூரம் என்றால், நடுப்பகுதியில் சுற்றிலும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் காலியாக இருப்பது நல்லது. மாசியில் இலை உதிர்த்து நிற்கும் வேப்பமரத்தைப் பார்த்து ஆன்டெனா கட்டினால், சித்திரையில் இணைப்பு தள்ளாடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடி எழுப்பினால் கதை முடிந்தது. பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் பாதி கிடைத்தாலே நல்லது. ஆன்டெனாவிலிருந்து கீழே இறங்கும் ஒயரும் செம்புதான். சர்ஜ் பாதுகாப்பும் எர்த்தும் அவசியம். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

வேறு ஊரா? இன்டர்நெட்!

இரு பக்கமும் பிராட்பேண்ட் வாங்கி, வி.பி.என். எனும் பாதுகாப்பான பாதை போடலாம். இதில் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். கணக்கு ஃபைலைத் தூரத்திலிருந்து திறந்தால் இழுக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரையை மட்டும் இங்கே வரவழைத்து வேலை செய்தால் ஓடும். கேமராவுக்கும் கணக்கு உண்டு. ஒரு ஹெச்.டி. கேமரா நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் எடுத்தால், 16 கேமராவுக்கு 64. ரெக்கார்டரை அந்தக் கட்டடத்திலேயே வைத்து, தேவைப்படும்போது மட்டும் பாருங்கள்.

அண்ணனுக்கு என்ன செய்தோம்? ஒயர்லெஸ்ஸுக்கு வேப்பமரம் குறுக்கே நின்றது. "மரத்தை வெட்டச் சொல்லலாமா?" என்றார். "வெட்டச் சொல்லப் போற வாயால, ஒரு பைப் போட இடம் கேக்கலாமே அண்ணா" என்றேன். நாலு நாள் பதில் இல்லை.

ஐந்தாம் நாள் அண்ணியும் அவரும் ஒரு பை நிறையப் பழத்தோடு போனார்களாம். தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரே வார்த்தை: "என்னைக் கேக்காம எங்க எடத்து மேல ஒயரு கட்டுனீங்களே, அதை மொதல்ல அவுருங்."

அவிழ்த்தார்கள். மரத்தின் வேரைத் தொடாமல் வேலியோரமாகக் குழி வெட்டி, பைப் போட்டு, ஆறு இழை ஃபைபர் இறங்கியது. நாளைக்கு இடம் கைமாறினாலும் சிக்கல் வராமல் இருக்க, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி போய்விட்டது. இடி இடித்த மறுநாள் காலை அண்ணனிடமிருந்து போன் வருவதில்லை.

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் எந்த ஒயர் தொங்குகிறது?